ரோபோ தானாக வெட்டுமா?

சித்தூர்

அன்புள்ள கயலுக்கு,

"தாத்தாவை மெஷினா அறுக்கப் போகுது மாமா?" என்று நீ கேட்ட குரலிலேயே பயம் தெரிந்தது. போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

தாத்தாவுக்கு ஆபரேஷன் புராஸ்டேட்டில். அது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. பெரிய நெல்லிக்காய் அளவில், சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம்போல் இருக்கும். வயதானால் பருத்துக் குழாயை நெருக்கும். தாத்தா ராத்திரியில் நாலு தரம் சிறுநீர் கழிக்க எழுந்ததும், திருப்பதி மலைக்கு அலிபிரி படி ஏறுவதை விட்டுவிட்டு "முட்டி வலி" என்று சமாளித்ததும் அதனால்தான். அந்தப் பருத்தல் புற்று அல்ல. தொடக்கத்தில் புற்று பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. பருத்தலுக்காகப் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை செய்தபோதுதான் புற்றும் இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. பயாப்சி அதை உறுதி செய்தது. வெட்கப்பட்டு மறைத்த இரண்டு வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

ரோபோ என்றதும் சினிமாவில் வருவதை நினைக்காதே. அது தானாக ஒரு வெட்டுகூட வெட்டாது. வயிற்றில் ஐந்தாறு சிறு துளைகள், பெரும்பாலும் 8 மில்லிமீட்டர். கரியமில வாயுவால் வயிற்றை உப்பவைத்து, தலைப்பக்கம் தாழும்படி மேசையைச் சாய்ப்பார்கள். குடல் ஒதுங்கி இடுப்புக்குழி தெரியும். சர்ஜன் சில அடி தள்ளி உட்கார்ந்து, பத்து மடங்கு பெரிதாகத் தெரியும் முப்பரிமாணக் காட்சியைப் பார்த்து விரல்களை அசைப்பார். உள்ளே கருவி அப்படியே அசையும். கை நடுக்கம் மட்டும் போய்ச் சேராது. தொடு உணர்வு பெரும்பாலும் கிடைக்காததால் கண்தான் கையின் வேலையையும் செய்ய வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? சுரப்பியை ஒட்டி இருபுறமும் ஆண்மைக்கான நரம்புகள் ஓடுகின்றன. கீழே சிறுநீரை அடக்கும் தசை. சுரப்பியை எடுத்தபின் குழாயைச் சிறுநீர்ப்பையோடு சேர்த்துத் தைக்க வேண்டும். அந்த நரம்புகளைக் காக்கும் முறையை 1982இல் பால்டிமோரில் பேட்ரிக் வால்ஷ் செய்து காட்டினார். ரோபோ வழியில் அதை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் மணி மேனன். திருச்சூரில் பிறந்து, புதுச்சேரி ஜிப்மரில் படித்து, டெட்ராய்ட்டில் வேலை பார்த்தவர்.

ஆனால் மெஷினை மட்டும் நம்பிவிடாதே. பிரிஸ்பேனில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது: ரோபோவில் ரத்த இழப்பு குறைவு, ஆனால் 12 வாரத்தில் சிறுநீரை அடக்குவதிலும் ஆண்மையிலும் வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பிரிட்டனில் பிஎஸ்ஏ மூலம் கண்டறிந்த, சுரப்பியைத் தாண்டாத புற்று உள்ளவர்களை 15 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு எதுவானாலும் அந்தப் புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். எல்லோருக்கும் கத்தி வேண்டியதில்லை. தாத்தாவின் புற்று வேகமாக வளரும் வகை என்பதால்தான் டாக்டர் ஆபரேஷன் என்றார். "இதுவரை எத்தனை பேருக்கு நீங்களே செய்திருக்கிறீர்கள்?" என்று நான் கேட்டேன். கோபப்படாமல் பதில் சொன்னார். அதுவே எனக்குத் தைரியம்.

சிகிச்சைக்கு வேலூர் நமக்குப் பக்கம். திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனை இருக்கிறது; அலிபிரியில் தேவஸ்தானம் தந்த நிலத்தில் டாட்டா அறக்கட்டளை உதவியோடு கட்டிய புற்றுநோய் மருத்துவமனையும் 2022இல் திறந்தாயிற்று. தூரத்துக்குப் பயந்து தள்ளிப்போட இனி காரணமில்லை.

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்போலச் சிறுநீர் வடிக்கும் கதீட்டர் குழாயோடு இருப்பார். பிறகு கொஞ்ச நாள் ஒழுகலாம். அவர் எதிரில் முகம் சுளிக்காதே.

நேற்று டீக்கடையில் தாத்தாவே தன் பிஎஸ்ஏ கதையைச் சொன்னாராம். கேட்டவர்களில் ஒருவர் மெதுவாக, "எனக்கும் அப்படித்தான், எட்டு மாசமா" என்றாராம். வியாழக்கிழமை அவரையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
மாமா