டேபிள் ஒன்றைத் திருத்துங்கள், கிளாஸ் தானாக வரும்: 28 குறிப்புகள்

கோழிப்பண்ணை, லாரி ஆபீஸ், ஜவ்வரிசி மில், கொலுசுப் பட்டறை என்று சேலம், நாமக்கல் பக்கம் கணக்கு புரோகிராம் எழுதிப் பிழைக்கும் வீடுகள் நிறைய. எங்கள் வீடும் அதில் ஒன்று. டேட்டாபேஸில் டேபிள் போட்டுவிட்டு, அதே ஃபீல்டுகளை மறுபடியும் கிளாஸாகக் கையால் அடித்தே எங்கள் சனி, ஞாயிறு கரைந்துகொண்டிருந்தது. இப்போது டேபிளை மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். டைப் பிசகாத கிளாஸை மெஷின் எழுதித் தருகிறது. பட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், நண்பர்களே.

1. முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கோழிப்பண்ணை புரோகிராம் ஒன்றுக்கு 40 டேபிள், டேபிளுக்கு 15 ஃபீல்டு என்று வைத்தால் 600 ஃபீல்டு. கையால் அடித்தால் இரண்டு நாள் போய்விடும், எழுத்துப்பிழையும் எங்கேயாவது ஒளிந்திருக்கும்; கிளாஸ் எழுதித் தரும் ஜெனரேட்டருக்கு ஒரு டீ ஆறும் நேரம்கூட வேண்டாம்.

2. இதற்கென்று புதிதாகக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஜாங்கோவில் ‘இன்ஸ்பெக்ட்டிபி’, டாட்நெட்டில் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரின் ‘ஸ்காஃபோல்ட்’, டைப்ஸ்கிரிப்ட்டுக்குப் பிரிஸ்மாவின் ‘டிபி புல்’, எஸ்க்யூஎல் ஆல்கெமிக்கு ‘எஸ்க்யூஎல்ஏ கோட்ஜென்’, கோ மொழிக்கு ‘எஸ்க்யூஎல்சி’ என்று எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. நீங்கள் ஏற்கெனவே எழுதும் மொழிக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

3. ஜாவாவில் எழுதுகிறவர்களுக்கு ‘ஜூக்’ கைகொடுக்கும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸுக்கு அது இலவசம்; ஆரக்கிளுக்கும் எஸ்க்யூஎல் சர்வருக்கும் லைசென்ஸ் வாங்க வேண்டும். வாடிக்கையாளருக்கு எந்த டேட்டாபேஸ் என்று முடிவு செய்யும் அன்றே இந்தச் செலவையும் சேர்த்து யோசித்தால் பின்னால் கையைக் கடிக்காது.

4. ஜெனரேட் செய்வதற்கு முன் எல்லா டேபிளுக்கும் பிரைமரி கீ இருக்கிறதா என்று ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். கீ இல்லாத டேபிளைப் பிரிஸ்மா ஒதுக்கி வைத்துவிடும். என்டிட்டி ஃபிரேம்வொர்க் படிக்க மட்டும் விடும், சேமிக்க விடாது. எஸ்க்யூஎல்ஏ கோட்ஜென் கிளாஸே தராமல் வெறும் டேபிளாக எழுதிவைக்கும். ஐந்து நிமிஷச் சோதனை அரைநாள் தலைவலியை மிச்சப்படுத்தும்.

5. லாரி புரோகிராமின் டிரிப் டேபிளில் வண்டி ஐடி இருந்தால் மட்டும் போதாது, ஃபாரின் கீயும் போட்டிருக்க வேண்டும். அப்போதுதான் டிரிப்பிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து ஓனருக்கு என்று ஒரு புள்ளி வைத்துப் போகிற வசதி கிளாஸில் வரும். பழைய மைஎஸ்க்யூஎல்லில் ‘மைஐசாம்’ வகை டேபிள் என்றால் ஃபாரின் கீயை எழுதினாலும் அது கண்டுகொள்ளாது. ‘இன்னோடிபி’க்கு மாற்றிவிட்டு ஜெனரேட் செய்யுங்கள்.

6. எந்த ஃபீல்டு காலியாக இருக்கலாம், எது கூடாது என்பதை டேபிளிலேயே தீர்த்துவிடுங்கள். லோடு ஏற்றிய தேதி கட்டாயம் வேண்டும். இறக்கிய தேதி, வண்டி போய்ச் சேரும்வரை காலியாகத்தான் இருக்கும். இதை ஒழுங்காகச் சொல்லியிருந்தால், காலித் தேதியை வைத்து வாடகை நாள் கணக்குப் போட முயலும் இடத்திலேயே கம்பைலர் உங்களைத் தடுத்துவிடும்.

7. பூஜ்யமும் காலியும் ஒன்றல்ல. பண்ணையில் ‘இன்றைக்குச் செத்த கோழி 0’ என்றால் எண்ணிப் பார்த்துவிட்டார்கள்; காலியாக இருந்தால் இன்னும் ஷெட்டுக்கே போகவில்லை. இரண்டையும் 0 என்று போட்டுவைத்தால் நோய் வந்தது தெரிய இரண்டு நாள் தாமதமாகும், ஆகவே இந்த ஃபீல்டுக்கு டீஃபால்ட் 0 வைக்காதீர்கள்.

8. பணத்துக்கு ‘ஃப்ளோட்’ வேண்டவே வேண்டாம், ‘டெசிமல்’ வையுங்கள். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு விலை சொல்வதே முட்டைக்கு இத்தனை காசு என்றுதான். ஃப்ளோட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். லட்சக்கணக்கான முட்டைக்குப் பில் போடும் ஊரில் இந்த வால் ஒருநாள் கணக்கை இடறிவிடும்.

9. வெள்ளிக் கொலுசுக்கு எடை கிராமில் மூன்று தசமம் வரை வேண்டும், கூலிக்கு இரண்டு தசமம் போதும். டேபிளில் இரண்டுக்கும் தனித்தனி அளவு கொடுத்துவையுங்கள். ஜூக்கில் ‘ஃபோர்ஸ்டு டைப்’ என்று ஒரு வசதி இருக்கிறது. ‘எடை’ என்று முடியும் ஃபீல்டு எல்லாம் எடை டைப்பாக வரட்டும் என்று ஒரே இடத்தில் சொல்லிவிட்டால், எடையையும் கூலியையும் யாரும் தவறிக் கூட்ட முடியாது.

10. செல் நம்பர் எண் அல்ல, எழுத்து. சாதாரண ‘இன்ட்’ 2,147,483,647 வரைதான் தாங்கும், 9-இல் தொடங்கும் 10 இலக்க நம்பர் அதில் அடங்காது. பின்கோடு, வங்கிக் கணக்கு எண், 33-இல் தொடங்கும் 15 இடத்து ஜிஎஸ்டி எண் எல்லாவற்றையும் எழுத்தாகவே வையுங்கள். கூட்டிக் கழிக்கப்போகிறோமா என்று கேட்டுப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

11. மைஎஸ்க்யூஎல்லில் ‘டைனிஇன்ட் (1)’ என்று எழுதினால் பல ஜெனரேட்டர்கள் அதை ‘ஆம், இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும். சிறிய எண்தானே என்று ஷெட் நம்பருக்கு அதை வைத்தால் 3-ஆம் ஷெட்டும் 7-ஆம் ஷெட்டும் ஒரே ‘ஆம்’ ஆகிவிடும். எண்ணுக்கு ‘ஸ்மால்இன்ட்’ வைத்துவிடுங்கள், இடமும் ஒன்றும் பெரிதாகப் போகாது.

12. நோடு ஜேஎஸ்ஸில் போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துகிறீர்களா? ‘பிக்இன்ட்’டும் ‘நியூமெரிக்’கும் அங்கே எழுத்தாகத்தான் வந்து சேரும். ஜெனரேட் ஆன டைப்பில் ‘நம்பர்’ என்று கையால் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் 100-உம் 50-உம் சேர்ந்து 10050 ஆகிற கூத்தெல்லாம் அப்புறம்தான் தெரியும்.

13. தேதி மட்டும் வேண்டிய இடத்தில் ‘டேட்’ வையுங்கள், நேரம் சேர்த்த டைப் வேண்டாம். அதிகாலை 4 மணிக்கு ஏற்றிய முட்டை லோடு, உலகப் பொது நேரத்தில் முந்தைய நாள் இரவு 10.30, அப்படியே தேதி எடுத்தால் நேற்றைய விலையில் பில் விழும். டேபிளில் ‘டேட்’ என்று இருந்தால் ஜாவாவுக்கு ‘லோக்கல்டேட்’, என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் 8 முதல் ‘டேட்ஒன்லி’ என்று சரியான டைப் வந்துவிடும்.

14. எஸ்க்யூஎல் சர்வரில் தமிழ்ப் பெயர் சேமிக்க ‘என்வார்சார்’ போடுங்கள். சாதாரண ‘வார்சார்’ போட்டால் வாடிக்கையாளர் பெயருக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறிதான் பில்லில் வரும். ஜெனரேட் ஆன கிளாஸில் இரண்டுமே ‘ஸ்ட்ரிங்’ என்றுதான் தெரியும் என்பதால் டேபிளைத் திறந்துதான் இதைப் பார்க்க வேண்டும்.

15. தமிழ்ப் பெயருக்கு நீளம் வைக்கும்போது கண்ணால் எண்ணாதீர்கள். திருச்செங்கோடு என்பது நமக்கு 7 எழுத்து. கம்ப்யூட்டருக்குக் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி, ஆக 14 இடம். ஆரக்கிளில் பைட் கணக்கில் வைத்தால் அதுவே 42 ஆகிவிடும், எனவே தாராளமாக இடம் விடுங்கள்.

16. ‘கோ’வில் வரும் நெடிலை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம், பார்வைக்கு இரண்டும் ஒன்றே. தேடும்போது பாதி திருச்செங்கோடு கிடைக்காமல் போவது இதனால்தான். சேமிக்கும் முன் ‘என்எஃப்சி’ முறைக்கு மாற்றும் ஒரு வரியை ஒரே இடத்தில் போட்டுவிடுங்கள்.

17. டேபிளுக்கும் ஃபீல்டுக்குமே தமிழில் பெயர் வைக்க ஆசை இருந்தால் வைக்கலாம், பைத்தானும் சி ஷார்ப்பும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் போஸ்ட்கிரெஸ்ஸில் பெயருக்கு 63 பைட் தான், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 21 குறிக்கு மேல் போனால் வாலை வெட்டிவிடும். கோ மொழி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் பெயரில் ஏற்காது, அங்கே ஆங்கில எழுத்திலேயே வையுங்கள்.

18. லாரி டிரிப்புக்கு ‘ஃப்ரம்’, ‘டு’ என்று ஃபீல்டு பெயர் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். ‘ஃப்ரம்’ என்பது பைத்தானுக்குச் சொந்தமான சொல். ஜாங்கோ அதன் பின்னால் ‘ஃபீல்டு’ என்று ஒட்டி வேறு பெயராக்கிவிடும். ‘புறப்பாடு’, ‘சேரிடம்’ என்று ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தால் எந்த மொழியிலும் இடிக்காது.

19. ஜெனரேட் ஆன கோப்புகளுக்குத் தனி ஃபோல்டர் கொடுங்கள், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. சி ஷார்ப்பில் கிளாஸ்கள் ‘பார்ஷியல்’ ஆகத்தான் வரும்; உங்கள் சொந்தக் கணக்குகளை அதே பெயரில் இன்னொரு கோப்பில் எழுதிக்கொள்ளலாம். நூறு முறை திரும்ப ஜெனரேட் செய்தாலும் நீங்கள் எழுதியது அப்படியே இருக்கும்.

20. ஜாங்கோவின் இன்ஸ்பெக்ட்டிபி தரும் கோப்பை அப்படியே நம்பிவிடாமல், ‘இது ஊகம்’ என்று அது குறிப்பு எழுதிய ஃபீல்டுகளை மட்டும் தேடிச் சரிபாருங்கள். ‘மேனேஜ்டு ஃபால்ஸ்’ என்று ஒவ்வொரு கிளாஸிலும் இருக்கும். அது இருக்கும்வரை ஜாங்கோ உங்கள் பழைய டேபிளைத் தொடாது. வாடிக்கையாளரின் ஓடுகிற டேட்டாபேஸ் என்றால் அந்த வரியை அப்படியே விட்டுவையுங்கள்.

21. என்டிட்டி ஃபிரேம்வொர்க்கில் ஸ்காஃபோல்ட் செய்யும்போது டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு சேர்த்து இணைப்பு வரியையே கோடுக்குள் எழுதிவிடும். ‘நோ ஆன்கான்ஃபிகரிங்’ என்ற சொல்லைக் கட்டளையோடு சேர்த்தால் எழுதாது. கிட்டில் ஏற்றிய பாஸ்வேர்டை அழிப்பதைவிட இது எவ்வளவோ சுலபம்.

22. வாடிக்கையாளரின் முழு டேட்டாபேஸையும் வாங்கிவந்து ஜெனரேட் செய்யாதீர்கள், அவர்கள் கணக்கு அவர்களிடமே இருக்கட்டும். ‘பிஜி டம்ப்’பில் ‘ஸ்கீமா ஒன்லி’, ‘மைஎஸ்க்யூஎல் டம்ப்’பில் ‘நோ டேட்டா’ என்று கேட்டால் டேபிளின் அமைப்பு மட்டும் சின்னக் கோப்பாக வரும். அதை வீட்டு மெஷினில் காலி டேட்டாபேஸாக ஏற்றிக்கொண்டால் நெட் எப்படி இருந்தாலும் வேலை ஓடும்.

23. எல்லா டேபிளுக்கும் கிளாஸ் வேண்டுமென்று கட்டாயமில்லை. எத்தனையோ வருஷமாகச் சேர்ந்த ‘பேக்கப்’, ‘டெஸ்ட்’, ‘பழையது’ டேபிள்களை விட்டுவிட்டு, வேண்டியவற்றின் பெயரை மட்டும் கட்டளையில் கொடுங்கள். கிளாஸ் குறைந்தால் கம்பைல் நேரமும் குறையும், புதிதாகப் பார்க்கிறவருக்கும் வீடு துடைத்தது போல இருக்கும்.

24. டிரிப் நிலை என்ன என்பதை இஷ்டம்போல எழுத விடாமல் ‘ஈனம்’ ஆக்கிவிடுங்கள்: ஏற்றியது, வழியில், இறக்கியது, பாக்கி முடிந்தது. ஜூக்கும் பிரிஸ்மாவும் போஸ்ட்கிரெஸ் ஈனத்தை அப்படியே கோடுக்குள் கொண்டுவரும். ஒருவர் ‘டெலிவரி’ என்றும் இன்னொருவர் ‘டெலிவர்டு’ என்றும் எழுதி ரிப்போர்ட்டில் பாதி லோடு காணாமல் போகும் தொல்லை அத்தோடு தீர்ந்தது.

25. வண்டி ஐடியும் டிரைவர் ஐடியும் வெறும் எண்ணாகவே இருந்தால் இடம் மாறிப் போனாலும் கம்பைலர் பேசாது. எங்கள் லாரி புரோகிராமில் ஒருமுறை டிரைவர் பேட்டா எல்லாம் வண்டிக் கணக்கில் ஏறி, சரிசெய்ய ஒரு வாரம் போனது. இப்போது ஒவ்வொரு ஐடிக்கும் தனித்தனி டைப் வைத்து ஜெனரேட் செய்கிறோம். மாற்றிக் கொடுத்தால் சிவப்புக் கோடு உடனே வந்துவிடுகிறது.

26. சின்னக் கடைகளுக்கு எஸ்க்யூலைட் போதும், ஆனால் அது ‘இன்டிஜர்’ என்று சொன்ன ஃபீல்டிலும் எழுத்தை வாங்கிப் போட்டுக்கொள்ளும். 2021 நவம்பரில் வந்த 3.37 பதிப்பிலிருந்து டேபிளின் கடைசியில் ‘ஸ்ட்ரிக்ட்’ என்று ஒரு சொல் சேர்த்தால் கண்டிப்பாகிவிடும். கிளாஸ் எவ்வளவு கண்டிப்போ டேபிளும் அவ்வளவு கண்டிப்பாக இருந்தால்தான் இரண்டுக்கும் பேச்சு ஒத்துப்போகும்.

27. ஃபீல்டு பெயரை மாற்றப் பயப்படாதீர்கள். நாங்கள் ‘அட்வான்ஸ்’ என்பதை ‘டிரைவர் அட்வான்ஸ்’ என்று மாற்றி, திரும்ப ஜெனரேட் செய்து, கம்பைல் பட்டனை அழுத்தினோம். 17 இடத்தில் எரர் காட்டியது. அந்த 17-ஐயும் வரிசையாகத் திருத்தியதும் வேலை முடிந்தது, கோடு முழுக்கத் தேடித் திரிய வேண்டியிருக்கவில்லை.

28. எங்கள் மேஜைக்கு மேலே பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் நாலு சொல் எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம்: டேபிள், ஜெனரேட், கம்பைல், கமிட். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் அந்த வரிசையைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். டேபிளைத் தொடாமல் கிளாஸைத் தொடுவதில்லை என்று அவர்களுக்கும் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உழவர் சந்தைக்குப் போய் நிதானமாகக் காய் பொறுக்கி வாங்க எங்களுக்கு இப்போது நேரம் கிடைக்கிறது, உங்களுக்கும் கிடைக்கட்டும்.