அவசர எண்ணும் அடிக்கடி அழைப்போரும்

உயிர் ஊசலாடும் வேளையில் வரிசையில் நிற்க முடியுமா? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே அவசர அழைப்பு எண். 1935 நவம்பரில் இலண்டன் நகரின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் மாண்டனர். அக்கம்பக்கத்தார் ஒருவர் தீயணைப்புப் படையைத் தொலைபேசியில் அழைத்தபோது, அவருடைய அழைப்பு சாதாரண அழைப்புகளோடு சேர்ந்து காத்துக் கிடந்தது. அந்தத் துயரத்தின் விளைவாக 1937 ஜூன் 30 அன்று '999' என்ற எண் அங்கு நடைமுறைக்கு வந்தது. அவசரமானது முந்த வேண்டும், மற்றவை பிந்த வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நம் நாட்டில் 2005-இல் ஐதராபாத்தில் தொடங்கிய 108 சேவை, 2008 செப்டம்பர் 15 அன்று தமிழகத்திற்கு வந்தது. கட்டணமில்லை, சாதி, பணம், பதவி எதையும் அது கேட்பதில்லை. இத்தகைய அரிய சேவையைச் சிலர் அவசரமின்றியே அடிக்கடி அழைக்கின்றனர். விளையாட்டுக்காக அழைப்போர் தண்டனைக்குரியவர்கள். அவர்களைப் பற்றி நான் இங்குப் பேசவில்லை. மெய்யாகவே ஏதோ ஒரு குறையோடு மீண்டும் மீண்டும் அழைப்பவர்களைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் நடந்தது

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு என் அக்காவுக்குப் பிரசவ வலி கண்டது. 108-ஐ அழைத்தோம். அருகிலிருந்த வண்டி அப்போதுதான் வேறொருவரை ஏற்றிச் சென்றிருந்தது. தொலைவிலிருந்து மற்றொரு வண்டி வந்து சேர ஐம்பது நிமிடங்கள் ஆயின. பாதி வழியில் வண்டிக்குள்ளேயே குழந்தை பிறந்தது. உடன் வந்த மருத்துவ உதவியாளரின் திறமையால் தாயும் சேயும் பிழைத்தனர்.

முதல் வண்டியில் சென்றவர் பக்கத்துத் தெருப் பெரியவர் என்று மறுநாள் தெரிந்தது. அவர் மாதத்தில் நான்கைந்து முறை வண்டியை அழைப்பவர் என்பது ஊரறிந்த செய்தி. சினத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். காலில் சர்க்கரைப் புண், அழுக்கேறிய கட்டு, துணைக்கு ஆளில்லை. "தம்பி, பஸ் ஏற முடியல. ஆட்டோவுக்கு நானூறு ரூபா கேக்குறான். ராத்திரி வலி வந்தா வேற யாரைக் கூப்பிடுவேன்? அந்த நம்பர்லதான் ஒருத்தங்க என்ன செய்யுதுன்னு கேக்குறாங்க" என்றார். நான் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினேன்.

இரு பக்கமும் உண்மை

மூளைக்கு உயிர்வளி நின்றால் நான்கைந்து நிமிடங்களிலேயே கேடு தொடங்குகிறது. இதயம் நின்றவருக்கு முதலுதவி கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது. ஆகவே ஒரு வண்டி வீணே அலைவது சிறிய குற்றமன்று. 'புலி வருது' கதையும் இங்கு நினைவுக்கு வருகிறது. நாள்தோறும் அழைப்பவருக்கு ஒருநாள் மெய்யாகவே மாரடைப்பு வரலாம். அன்று அவருடைய குரலை யாரும் நம்பாமல் போகலாம்.

ஆனால் அடிக்கடி வரும் அழைப்பே ஒரு நோயின் அறிகுறி அல்லவா? இங்கிலாந்து இதை உணர்ந்திருக்கிறது. அங்கு ஒரு மாதத்தில் ஐந்து முறையோ, மூன்று மாதத்தில் பன்னிரண்டு முறையோ அதற்கு மேலோ அழைக்கும் வயது வந்தவரை 'அடிக்கடி அழைப்பவர்' எனக் கணக்கிட்டுத் தனியே கவனிக்கின்றனர். தனிமை, மனநோய், தீரா வலி, குடிப்பழக்கம் ஆகியவையே பெரும்பாலும் காரணங்களாக உள்ளன. பிளாக்பூல் நகரில் மருத்துவ உதவியாளர் ஒருவர் இத்தகையோரை நேரில் சந்தித்து, அமர்ந்து பேசி, தேவையறிந்து உதவினார். அழைப்புகள் பெரிதும் குறைந்தன. அம்முறை பிற ஊர்களுக்கும் பரவியது.

நாம் செய்யத்தக்கவை

நம்மிடமும் வழிகள் உள்ளன. மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தருகிறது. எங்கள் ஊர்ப் பெரியவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது, சொல்வாரும் இல்லை. நானும் நண்பர் ஒருவரும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சென்று சொன்னோம். இப்போது மாத்திரை வீடு தேடி வருகிறது. கட்டு மாற்றச் செவிலியர் கற்றுக் கொடுத்தார். வாரம் ஒருமுறை நாங்கள் சைக்கிளில் சென்று பார்க்கிறோம். இரண்டு மாதங்களாக அவர் 108-ஐ அழைக்கவில்லை.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வீண் பழி வருமோ என அஞ்சி எவரும் அழைக்காமல் இருந்துவிடக் கூடாது. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், நினைவிழத்தல், ஒரு பக்கம் கைகால் செயலிழத்தல், நிற்காத குருதிப்போக்கு, பாம்புக்கடி, விபத்து, பிரசவ வலி ஆகியவற்றில் உடனே அழைக்க வேண்டும். ஐயம் எழுந்தாலும் அழைப்பதே நன்று.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முகாம் செல்லும் ஊர்களில் மரம் நடுகிறோம், சாலை செப்பனிடுகிறோம். அத்துடன், "இவ்வூரில் அடிக்கடி 108-ஐ அழைப்பவர் யார்? ஏன் அழைக்கிறார்?" என்று கேட்டறிவதையும் ஒரு பணியாகக் கொள்வோம். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டால், வண்டி அதற்குரியவரிடம் உரிய நேரத்தில் போய்ச் சேரும். என் அக்காவின் குழந்தையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்.