குழந்தையின் சளிக்கு எந்த மருந்து?

மழைக்காலம் தொடங்கியதும் மருந்துக்கடை அலமாரியின் முன்வரிசைக்கு வந்துவிடுகிற இருமல் பாட்டில்களுள் இரண்டு வயதுக் குழந்தைக்கு உகந்தது எது என்று விசாரிக்கும் பெற்றோருக்கு முதலில் சொல்ல வேண்டியது, அவற்றுள் பெரும்பாலானவை அக்குழந்தைக்கு வேண்டாதவை என்பதே. சாதாரண ஜலதோஷம் வைரஸ் கிருமியால் உண்டாகிப் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே விலகுவது; அதன் ஆயுளைக் குறைக்கும் சக்தி எந்த டானிக்குக்கும் கிடையாது. போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாடிக்காலும் பிரயோஜனமில்லை.

குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்துகளை 4 வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கலாகாது என்ற எச்சரிக்கையை அச்சிடும்படி 2023-லேயே உத்தரவாயிற்று. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இவ்வகைச் சிரப் ஒன்றில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் கலந்திருந்து, 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து மாண்டபின், 2 வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ வழங்கவோ கூடாதென்றும், 5 வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக அவை வேண்டாமென்றும் மத்திய சுகாதாரத்துறை அறிவுறுத்தியது. அது கலப்படத்தின் குற்றமேயன்றி மருந்தின் குற்றமன்று என்று வாதிப்பாருண்டு. பலனில்லாத ஒன்றின்பொருட்டு எத்துணைச் சிறிய அபாயத்தையும் குழந்தைமேல் ஏற்றுவானேன் என்பதே என் கேள்வி.

மூக்கடைப்புக்கு, கடையில் விற்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதும். பால் குடிக்குமுன் இரண்டொரு சொட்டு விட்டால் குழந்தை சிரமமின்றிக் குடிக்கும். இருமலுக்கு, ஒரு வயது நிறைந்த குழந்தையானால் படுக்கும்போது அரைத் தேக்கரண்டி தேன், டானிக்கைவிட மேல். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கமுள்ள வீடுகளில் பெரியவர்கள் மனத்தாங்கல் கொண்டாலும், ஒரு வயதுக்குள் தேன் ஆகாது. பொட்டுலிசம் என்னும் கடும் நோய்க்கு அது காரணமாகலாம். கற்பூரம் சேர்ந்த தைலத்தை 2 வயதுக்குள் தடவ வேண்டாம். கொதிநீரில் ஆவி பிடிப்பது, சிறுவர் உடல் வெந்துபோவதற்கே வழி.

காய்ச்சலில் குழந்தை துவண்டால் பாராசிட்டமால் தரலாம். மூன்று மாதம் நிரம்பாத சிசுவுக்குக் காய்ச்சல் கண்டால் மட்டும் மருந்தைத் தேடாமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அளவை நிர்ணயிப்பது வயதன்று, எடை: கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம்; அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரமாவது இடைவெளி. பிசகு நேர்வது இங்கேதான். சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம், ஒரு சிரப்பில் 5 மில்லியில் 125, மற்றொன்றில் 5 மில்லியில் 250 என்று, ஒரே மருந்து பல வீரியங்களில் விற்கிறது. பத்துக் கிலோக் குழந்தைக்கு 150 மில்லிகிராம் தர, முதலாவதில் ஒன்றரை மில்லி, இரண்டாவதில் ஆறு மில்லி, மூன்றாவதில் மூன்று மில்லி போதும். இரண்டாவதற்குரிய ஆறு மில்லி அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். ஆகவே சமையலறைக் கரண்டியை விடுத்து, பாட்டிலோடு வரும் அளவுமூடியையோ ஊசியில்லாச் சிரிஞ்சையோ பயன்படுத்துக. சளிக்கான கூட்டு மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் முன்னமே அடங்கியிருப்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது கல்லீரலுக்குக் கேடு. ஆஸ்பிரினும் நிமெசுலைடும் குழந்தைகளுக்கு ஆகவே ஆகா.

குழந்தை அழாமல் அமைதியாயிருக்கையில் ஒரு நிமிஷம் முழுதும் மூச்சை எண்ணிப் பார்க்கலாம்: இரண்டு மாதத்துக்குள் 60, ஓராண்டுக்குள் 50, ஐந்தாண்டுக்குள் 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ, விலாவின் கீழ் உட்குழிந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, இரவென்று பாராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.