‘வா, ஆடலாம்’ என்று அழைப்பவர் யார்? – ஆன்லைன் சூதாட்ட விளம்பரமும் நமது பொறுப்பும்

 

நாளை சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். பவர் டேபிளில் உட்காருபவரும், கட்டிங், செக்கிங், அயர்னிங் பார்ப்பவரும் வாரம் முழுக்கப் போட்ட ஷிப்டுக்கு நாளை காசு வாங்குவார்கள். மறுநாள் லீவு. கையில் போன். அந்த இரவுக்காகவே காத்திருந்தது போல ஓர் அழைப்பு வந்து நிற்கும்: நூறு ரூபாய் போட்டால் இவ்வளவு போனஸ், நண்பரைச் சேர்த்துவிட்டால் இன்னும் இவ்வளவு.

சூதாட்டம் ஹராம் என்பது இங்கே அமர்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91 வசனங்களில் அல்லாஹ் அதை மதுவோடு சேர்த்து ஷைத்தானின் வேலை என்கிறான். ஆகவே ஆடுபவரைப் பற்றி இன்று அதிகம் பேசப்போவதில்லை. அழைப்பவரைப் பற்றிப் பேசுவோம்.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரியிலும் (4860) முஸ்லிமிலும் இருக்கிறது. வா சூதாடலாம் என்று தோழனிடம் சொல்லிவிட்டவர் ஸதகா கொடுக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். கவனியுங்கள். அவர் இன்னும் ஆடவில்லை. பணம் கைமாறவில்லை. நாக்கு அழைத்தது, அவ்வளவுதான், அதற்கே பரிகாரம். எவ்வளவு கொடுப்பது? சூதில் வைக்க நினைத்த அளவு என்றார் இமாம் கத்தாபீ (ரஹ்). இமாம் நவவீ (ரஹ்) அப்படி அளவு கட்டவில்லை, இயன்றதைக் கொடுக்கட்டும் என்றார்.

ஒரு தோழனை அழைத்ததற்கே இப்படி என்றால், லட்சம் பேரின் போனுக்குள் போய் அழைக்கும் விளம்பரத்தை என்னவென்று சொல்வது?

நாட்டின் சட்டமும் இந்த இடத்துக்கு மெல்ல வந்து சேர்ந்திருக்கிறது. 2020 டிசம்பரில் விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் ஒரு விதி போட்டது: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை வருமான வழியாகக் காட்டக்கூடாது, அச்சு விளம்பரத்தில் 20 சதவீத இடம் எச்சரிக்கைக்கு ஒதுக்க வேண்டும். தொலைக்காட்சியில் மூச்சு விடாமல் படித்து முடித்த அந்த எச்சரிக்கை யார் காதில் விழுந்தது?

பிறகு தமிழ்நாடு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார், சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம். 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்தது. அதில் ஆடுபவருக்குத் தண்டனையே இல்லை. விளம்பரத்துக்கு இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். அழைப்பவரின் குற்றம் தனிக் குற்றம், பெரிய குற்றம் என்பதை இந்தச் சட்டங்களும் ஒத்துக்கொள்கின்றன.

ரம்மி திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்று நீதிமன்றங்களில் பல வருடம் வழக்கு நடந்தது. நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. இருவரும் பணம் வைத்து, ஒருவர் இழந்ததை மற்றவர் எடுத்தால் அது கிமார். ஆடியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

இனி நம் ஊர் விஷயம். பந்தய நிறுவனங்களின் பெயரைச் சுமந்த விளையாட்டு பனியன்கள் உலகெங்கும் விற்கின்றன. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து அணிகளே 2023 ஏப்ரலில் கூடி, 2025-26 பருவம் முடிந்ததும் சட்டையின் முன்பக்கத்தில் சூதாட்ட நிறுவனப் பெயர் வேண்டாம் என்று முடிவெடுத்தன. கைப்பகுதியில் போடுவதை விட்டுவைத்தார்கள், அது வேறு கதை. அப்படியொரு பெயரைப் பிரிண்ட் செய்யும் ஆர்டர் நம் யூனிட்டுக்கு வந்தால் என்ன செய்வது?

வெறும் பனியனைத் தைத்துக் கொடுத்தவர், பின்னால் அதில் யார் எதை அச்சிட்டார் என்பதற்குப் பொறுப்பாளி அல்ல. ஆனால் அந்தப் பெயரை ஸ்கிரீன் போட்டு அச்சிடுவது, அழைப்பை நம் கையால் எழுதுவது. பாவத்தில் ஒருவருக்கொருவர் உதவாதீர்கள் என்ற கட்டளை (அல்மாயிதா 5:2) இங்கே நேராகப் பொருந்துகிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இந்த ஊர் பட்ட பாடு நமக்குத் தெரியும். வந்த ஆர்டரை விடச் சொல்வது எளிதல்ல என்பதை அறிந்தே சொல்கிறோம். டேபிளில் நிற்கும் தொழிலாளியிடம், நாளைக்கே வேலையை விடுங்கள் என்று சொல்ல மாட்டோம். வேறு ஜாப் கேட்டுப் பார்க்கட்டும், மனதால் வெறுக்கட்டும். ஆர்டரை எடுக்கும் முதலாளிக்கு அந்தச் சலுகை இல்லை.

வாலிபர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. ரூம் மேட்டுக்கு ரெஃபரல் லிங்க் அனுப்பி, அவர் சேர்ந்ததும் 200 ரூபாய் வாங்கியவர் தன்னைச் சூதாடியாக நினைப்பதில்லை. ‘நான் ஆடவே இல்லையே ஹஜ்ரத்’ என்பார். வா என்று சொன்னது யார்? வழிகேட்டுக்கு அழைப்பவர், பின்பற்றியவரின் பாவம் போன்றதையும் சுமப்பார், பின்பற்றியவருக்கு அதில் எதுவும் குறையாது என்று முஸ்லிமில் (2674) ஹதீஸ் உண்டு. முதலில் அந்த லிங்கை அழியுங்கள். அனுப்பியவர்களிடம் தனித்தனியாகப் பேசி, தவறு என்று சொல்லுங்கள். வந்த போனஸை நன்மை கிடைக்கும் என்ற எண்ணம் இல்லாமல் ஏழைக்குக் கொடுத்துவிடுங்கள். பிறகு ஹதீஸ் சொன்ன ஸதகாவை உங்கள் ஹலாலான சம்பளத்திலிருந்து, நாளைக்கே கொடுங்கள்.

பணத்தை இழந்து கடனில் நிற்பவர்கள் தொழுகை முடிந்ததும் இமாம் அறைக்கு வாருங்கள். பெயர் கேட்க மாட்டோம், ஜமாஅத்தில் பேச மாட்டோம். மோசடிச் செயலியில் ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். மனம் தாங்காமல் தவறான எண்ணம் வந்தால் 14416-ஐ அழையுங்கள். இரவு எந்நேரமும் பேசலாம்.