மலையேறும் பிக்கப்புக்கு டர்போ ஹோஸ் மாற்றும் முறை

பர்லியார் வரை ஒழுங்காக ஓடும் வண்டி, குன்னூர் ஏற்றத்தில் லோடோடு இரண்டாவது கியரில் திணறும். பின்னால் கரும்புகை தள்ளும். உடனே ஓட்டுநர் "டர்போ போச்சு" என்று முடிவுகட்டிப் பட்டறைக்கு வருவார். பல வண்டிகளில் டர்போவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே போகும் ரப்பர் ஹோஸ் அடிப்பக்கம் கிழிந்திருக்கும், அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கும். எஞ்சினுக்குப் போகவேண்டிய காற்று வழியிலேயே கசிந்துவிடும். டீசல் மட்டும் குறையாமல் இறங்கும். அதுதான் கரும்புகை.

இதே கசிவு சமவெளியில் அவ்வளவாகத் தெரியாது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டியின் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம். அந்தக் குறையை ஈடுகட்டுவதற்குத்தான் டர்போ. 1918-இல் சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர் லிபர்ட்டி விமான எஞ்சினை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். உயரம் சுமார் 4,300 மீட்டர். கீழே 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் அங்கே டர்போ இல்லாமல் 230-தான் தந்தது, டர்போவை இணைத்ததும் 356. நம் கேரட் வண்டியும் பச்சைத் தேயிலை வண்டியும் அன்றாடம் ஏறுவது அதே கணக்கில்தான். மலையில் டர்போ கூடுதலாகச் சுழன்று உழைக்கிறது. அந்த உழைப்பு ஓட்டை ஹோஸ் வழியாக வீணாகக் கூடாது.

பொலேரோ பிக்கப்பை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மற்ற டீசல் பிக்கப்புகளிலும் ஏர் ஃபில்டர், டர்போ, இன்டர்கூலர், மேனிஃபோல்டு என்ற வரிசை இதேதான்.

ஹோஸ் வாங்குமுன் கசிவு எங்கே என்று பாருங்கள். இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு மண் படிந்திருந்தால் அங்கேதான் காற்று போகிறது. ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் வளைத்துப் பார்க்க வேண்டும். சும்மா நிற்கும்போது கிழிசல் வாய்மூடிக் கிடக்கும், அழுத்தம் வந்தால்தான் திறக்கும்.

பழைய ரப்பருக்குப் பதில் சிலிகான் ஹோஸ் போடுவது நல்ல முடிவு, சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் கடையில் பளபளவென்று நீலத்திலும் சிவப்பிலும் தொங்குவதெல்லாம் ஒன்றல்ல. சாதா சிலிகானுக்கு எண்ணெய் ஆகாது. எஞ்சினின் ப்ரீதர் குழாயிலிருந்து வரும் ஆயில் ஆவி டர்போ வழியாக இந்த ஹோஸ்களுக்குள் தொடர்ந்து படியும். சாதா சிலிகான் அதை உறிஞ்சி, ஊறி, வெளியே வியர்க்கத் தொடங்கிவிடும். உள்பூச்சு ஃப்ளோரோசிலிகானா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ஹோஸ் வேறு ரகம். அங்கே அழுத்தம் கிடையாது, உறிஞ்சல்தான். மெல்லிய ஹோஸ் போட்டால் ஃபில்டர் அடைத்த நாளில் உள்ளே ஒடுங்கிக்கொள்ளும். அதற்கு உள்ளே கம்பி வைத்த ஹோஸ்தான் வேண்டும். அளவை வெர்னியர் வைத்து எடுங்கள், கண்ணளவு வேண்டாம்.

கூம்பு வடிவ 'ஹை ஃப்ளோ' ஃபில்டரை நான் எந்த மலை வண்டிக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பானட்டுக்குள் திறந்து நிற்கும் ஃபில்டர் எஞ்சினின் சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும். எஸ்டேட் மண்சாலைப் புழுதிக்குக் கம்பெனிக் காகித ஃபில்டரே பாதுகாப்பு. எண்ணெய் தடவும் வகை என்றால் அந்த எண்ணெய் காற்றளவு சென்சாரில் படிந்து வேறு தொல்லை தரும். பூஸ்ட்டைக் கூட்டும் சிப் பக்கமும் போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஆர்.சி. விவரங்களோடு ஒத்துப்போகாத மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோகூட விதிக்கலாம். கம்பெனி அளவிலேயே நல்ல ஹோஸ் மாட்டுவது பழுது பார்ப்பது. எஞ்சினின் சக்தியைக் கூட்டுவது அப்படியல்ல.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். நம் ஊரில் அது கிடைப்பதே அபூர்வம் என்பதால் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எஞ்சின் முழுக்க ஆறட்டும். பழைய ஹோஸைக் கழற்றுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கழற்றியதும் டர்போவின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். துணி சிவப்பாக, வெளியே தொங்கும்படி இருக்கட்டும், அப்போதுதான் திரும்ப எடுக்க மறக்காது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சக்கரம் அது. ஒரு சின்ன நட் விழுந்தாலே கதை முடிந்தது.

இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே லேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பது வழக்கம்தான். கிண்ணக் கணக்கில் ஆயில் கொட்டினால் அது ஹோஸ் பிரச்சினை அல்ல, டர்போ சீல் போயிருக்கிறது. வேலையை அங்கேயே நிறுத்துங்கள். ஆயிலை வடிக்காமல் மூடி ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு தறிகெட்டு வேகமெடுக்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

இனி மாட்டும் வேலை. எல்லாரும் சறுக்குவது இங்கேதான். ஹோஸ் ஏறவில்லை என்று கிரீஸோ ஆயிலோ தடவுவார்கள். ஏறும்போது சுலபமாக ஏறியது ஏற்றத்தில் லோடு வந்ததும் அதே சுலபத்தில் கழன்றுகொள்ளும். குழாயின் முனையையும் ஹோஸின் உள்பக்கத்தையும் பிரேக் கிளீனரால் பிசுக்குப் போகத் துடையுங்கள். மாட்டும்போது வெறும் தண்ணீர் போதும், அது காய்ந்துவிடும். அலுமினியக் குழாயில் பழைய ரப்பர் ஒட்டியிருந்தால் வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுங்கள், கத்தியால் சுரண்டினால் கீறல் விழும்.

குழாயின் முனையில் சுற்றிலும் ஒரு மேடு இருக்கும். கிளாம்ப் அந்த மேட்டைத் தாண்டி உட்பக்கம் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே இறுக்கினால் கசியும், விளிம்பை ஒட்டி இறுக்கினால் வழுக்கும். சாதாரண பல்லு கிளாம்பின் வெட்டுகள் சிலிகானுக்குள் பதிந்து அதை அறுத்துவிடும். டி போல்ட் கிளாம்ப் வாங்குங்கள். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஹோஸின் மேல்பரப்பு லேசாகப் பிதுங்கும்போது நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஒரு சுற்று வைப்பது நன்மை செய்யாது. கிளாம்பின் போல்ட் தலை மேல்பக்கம் பார்த்து இருக்கட்டும். நாளை மழையில் நடுரோட்டில் இறுக்கப்போவது நீங்கள்தான். ஹோஸ் எதிலும் உரசாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஆடும்போது ஃபேன் பெல்ட்டையோ பிராக்கெட் விளிம்பையோ தொட்டால் சீக்கிரமே ஓட்டை விழும்.

ஓட்டிப் பார்த்துத்தான் சோதிக்க வேண்டும் என்பதில்லை. பஞ்சர் கடையே போதும். டர்போவின் உறிஞ்சும் வாய் அளவுக்கு ஒரு துண்டு ஹோஸ், அதற்குப் பொருந்தும் பிவிசி மூடி, மூடியில் துளையிட்டு ஒரு டியூப்லெஸ் வால்வு. ஃபில்டரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, அடைத்த துணியையும் எடுத்துவிட்டு, அங்கே இதைக் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். கொஞ்சம் காற்று எஞ்சினுக்குள் நுழையும், அது வெளியேற வழி வேண்டும். இனி 15 பிஎஸ்ஐ வரை மெல்லக் காற்றேற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பஞ்சர் கடைத் தொட்டியில் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும் என்பதால் கையை வால்விலிருந்து எடுக்காதீர்கள். மூடிக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்பிலும், இன்டர்கூலரின் ஓரங்களிலும் பூசுங்கள். நுரை பூக்கும் இடம் கசிகிற இடம். ஆயில் மூடி வழியாகவும் சைலன்சர் வழியாகவும் லேசாகச் 'சீ' என்று கேட்பது சகஜம்.

முதல் ஓட்டத்தைக் கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை லோடோடு வைத்துக்கொள்ளுங்கள். சூடேறி ஆறியதும் சிலிகான் கொஞ்சம் அமுங்கும், மறுநாள் காலையில் எல்லாக் கிளாம்ப்களையும் ஒருமுறை இறுக்க வேண்டும். பெரும்பாலோர் தவிர்ப்பது இதைத்தான், ஒரு மாதத்தில் திரும்பி வருவதும் இதனால்தான். ஏறி முடித்ததும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் டர்போவின் பேரிங்குக்கு ஆயில் ஓடிச் சூடு தணியும். கழற்றிய ஹோஸ் கிழியாமல் இருந்தால் இரண்டு கிளாம்போடு சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளுக்கு நடுவே இரவில் ஸ்பேர் கடை எதுவும் திறந்திருக்காது.