நான்கு டிஸ்க், இரண்டு ரெய்டு

அரூர் வாசகருக்கு,

ஸ்கேன் மையத்துச் சர்வரில் 4 டெராபைட் டிஸ்க் நான்கு இருப்பதாகவும், அவற்றையே பிரித்து டேட்டாபேஸுக்கு ரெய்டு 10, ஸ்கேன் படங்களுக்கு ரெய்டு 5 போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். லினக்ஸுக்கு முழு டிஸ்க் வேண்டுமென்பதில்லை, பார்ட்டிஷன் கொடுத்தாலே ரெய்டு கட்டிவிடும். இன்டெல் 2004-லேயே 'மேட்ரிக்ஸ் ரெய்டு' என்று, சாதாரண மேசைக் கணினியின் இரண்டே டிஸ்க்கில் ரெய்டு 0, ரெய்டு 1 இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது.

உங்கள் கணக்கும் சரிதான். டிஸ்க்குக்கு 1 டெராபைட் எடுத்து ரெய்டு 10 போட்டால் கைக்கு வருவது 2. மீதியில் ரெய்டு 5 போட்டால் 9. மொத்தம் 11. எல்லாவற்றையும் ரெய்டு 10 ஆக்கினால் 8 தான். ஆக, லாபம் 3 டெராபைட்.

அந்த மூன்றுக்கு என்ன விலை என்று பாருங்கள். சின்னதாக ஒன்றை எழுத, ரெய்டு 5 பழைய தரவையும் பாரிட்டியையும் படித்து, புதியதை இரண்டிலும் எழுதும். நான்கு வேலை. ரெய்டு 10-க்கு இரண்டு போதும். ஆனால் பிரித்தது பார்ட்டிஷனைத்தானே, டிஸ்க்கின் படிக்கும்-எழுதும் முனையை அல்லவே! காலையில் படங்கள் வந்து குவியும்போது டேட்டாபேஸுக்கும் அதே முனைதான் ஓட வேண்டும்.

டிஸ்க் ஒன்று செத்தால் இரண்டு ரெய்டும் ஒரே நேரத்தில் ஊனமாகும். புது டிஸ்க் போட்டதும் லினக்ஸ் ஒன்றை முடித்துத்தான் அடுத்ததைத் தொடும். வினாடிக்கு 150 மெகாபைட் என்றாலும் 3 டெராபைட்டுக்கு ஐந்தரை மணி நேரம். மையம் திறந்திருந்தால் இன்னும் இழுக்கும். அதற்குள் இன்னொரு டிஸ்க் போனால் படங்கள் மொத்தமும் போச்சு. ரெய்டு 10-ல் இருக்கும் டேட்டாபேஸ், போனது இணை டிஸ்க்காக இல்லாவிட்டால் பிழைக்கும். திரும்ப எடுக்க முடியாத படங்களை நோஞ்சான் பக்கம் வைப்பானேன்? டேட்டாபேஸ் சின்னது, மணிக்கொரு தரம் பேக்கப் எடுத்துவிடலாம்.

நானாக இருந்தால் சின்ன எஸ்எஸ்டி இரண்டு வாங்கி டேட்டாபேஸை ரெய்டு 1-ல் வைப்பேன். நான்கு டிஸ்க்கையும் ரெய்டு 6 ஆக்குவேன்: அதே 8 டெராபைட், எந்த இரண்டு போனாலும் படங்கள் தப்பும். எஸ்எஸ்டிக்கு இடமில்லையென்றால் முழுவதும் ரெய்டு 10.

ரெய்டு 5, 6-ல் எழுதும் நடுவில் கரன்ட் போனால் தரவும் பாரிட்டியும் பொருந்தாமல் நிற்கலாம். யுபிஎஸ் பேட்டரியை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். உபரியாக ஒரு டிஸ்க் கையில் இருக்கட்டும். செத்த பிறகு சேலத்துக்கு ஆள் அனுப்ப வேண்டாம். தெரியாமல் யாராவது அழித்தால் எந்த ரெய்டும் காப்பாற்றாது, எனவே படங்களுக்கும் ஒரு பேக்கப் வேறு கட்டடத்தில் வேண்டும்.

ஏற்கெனவே பிரித்துவிட்டீர்களா, இல்லை டிஸ்க்குகள் இன்னும் காலியா என்று எழுதுங்கள்.

அன்புடன்.