பகைவனை மாற்றிப் பாடாதே

அன்புத் தம்பிக்கு,

பழைய போர் ஒன்றைக் காவியமாகப் பாடப் போவதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. தொடங்குமுன் பிரெஞ்சுக்காரர்களின் ‘ரோலான் பாடல்’ உருவான விதத்தைத் தெரிந்துகொள்.

778 ஆகஸ்ட். பிராங்கிய அரசர் சார்லமேன் ஸ்பெயினிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். அவரை அங்கே அழைத்ததே கோர்தோபா அமீரோடு பகைகொண்ட முஸ்லிம் தலைவர்கள்தான். சரகோசா நகரம் கதவு திறக்கவில்லை. திரும்பும் வழியில் பாம்ப்லோனாவின் மதிலை இடித்தார். பிரனீஸ் மலைவழியில் பதுங்கியிருந்த பாஸ்க் மக்கள் பின்படையை வெட்டிச் சாய்த்து, மூட்டைமுடிச்சுகளை அள்ளிக்கொண்டு இருட்டில் கலைந்துபோனார்கள். சார்லமேனின் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட், மாண்டவர்களில் மூவரைப் பெயர் சொல்கிறார். ரோலான் அவர்களில் ஒருவன். பிரிட்டனி எல்லையின் ஆளுநன் என்பதற்குமேல் அவனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்தப் பெயர்தான் 1100 வாக்கில், முதல் சிலுவைப் போரின் சூட்டோடு, ஏறக்குறைய நாலாயிரம் அடிப் பாடலாயிற்று. அதில் வரும் கொம்பைக் கவனி. உதவிக்கு ஊதச் சொல்கிறான் நண்பன் ஒலிவியே, ரோலான் மறுக்கிறான். தோழர்களில் பெரும்பாலோர் மாண்டபின் ஊதுகிறான், நெற்றிப்பொட்டு வெடிக்கிறது, வெகுதூரத்தில் மன்னர் செவியில் அது விழுகிறது. அவனுடைய வீம்பையும் வேதனையையும் அந்த ஒரு கொம்பே சொல்லிவிடுகிறது. 1870இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டிருந்தபோது, அறிஞர் காஸ்தோன் பாரி இப்பாடலில் பிரெஞ்சு தேசிய உணர்வைக் காட்டிச் சொற்பொழிவாற்றினார். ஒரு தோல்வியைத் தேசத்தின் பெருமையாக்கும் வலிமை பாட்டுக்கு உண்டு.

ஆனால் ரோலானைக் கொன்ற பாஸ்க் மக்களைப் பாடலில் காணோம். அவர்கள் இடத்தில் நாலு லட்சம் முஸ்லிம் வீரர்கள் நிற்கிறார்கள். பாம்ப்லோனாவின் மதில் இடிந்ததில் அவர்களுக்கு மூண்ட கோபமும் காணாமல் போயிற்று.

தம்பி, நிகழ்ச்சிகளைச் சுருக்கு. வீரனை உயர்த்து. இல்லாத கொம்பையும் ஊதவை. கவிஞனுக்கு அந்த உரிமை உண்டு. யார் கொன்றார்கள், எதற்காகக் கொன்றார்கள் என்பதில் மட்டும் கைவைக்காதே. பாட்டை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் ஆவணத்தைத் தேடிப் போகமாட்டார்கள். செய்யாத கொலையின் பழியை ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கும்.

முதல் வரைவு முடிந்ததும், எதிர்ப்படையில் நின்றவனாக ஒருமுறை படித்துப் பார். அவன் ஆயுதம் எடுத்த காரணம் எந்தப் படலத்திலும் இல்லையென்றால், அதை எழுதிச் சேர்த்த பிறகே அச்சுக்குக் கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்